பென்டிரைவில் இயங்குதளம்: செய்த மாற்றங்கள் நிலைக்க எந்த வழி?

பதிவு 1 — வரப்போரம்

அனைவருக்கும் வணக்கம். நான் இரண்டு கல்லூரிகளில் பகுதிநேர ஆசிரியராக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாட்கள் ஓர் ஊர், இரண்டு நாட்கள் வேறோர் ஊர். சொந்த மடிக்கணினி பழுதாகிப் போனதால், எந்த ஊரில் எந்தக் கணினி கிடைக்கிறதோ அதில்தான் என் வேலை நடக்கிறது. கணினிக்குக் கணினி எழுத்துருவும் விசைப்பலகையும் மாறிக்கொண்டே இருப்பதால், இயங்குதளத்தையே சட்டைப்பையில் எடுத்துச் சென்றுவிடலாம் என்று நினைத்து, 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் மென்பொருளைக் கொண்டு உபுண்டுவை ஏற்றினேன்.

பூட் ஆவதில் சிக்கல் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வைஃபை கடவுச்சொல்லைத் தட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையை மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது. நேற்று டெஸ்க்டாப்பில் வைத்த வினாத்தாள் இன்று இல்லை. அந்த வினாத்தாளை மீண்டும் தட்டச்சு செய்து முடிக்க ஓர் இரவு ஆயிற்று.

என் கேள்விகள் மூன்று. செய்யும் மாற்றங்கள் நிலைத்திருக்க என்ன செய்ய வேண்டும்? ஹார்ட் டிஸ்கில் நிறுவுவதைப் போலவே பென்டிரைவிலும் முழுமையாக நிறுவிவிடுவது நல்லதா? இப்படிச் செய்வதால் கல்லூரிக் கணினியில் இருக்கும் விண்டோஸுக்குப் பாதிப்பு ஏதும் வருமா?

பதிவு 2 — கருங்கல்

உங்கள் பென்டிரைவில் பழுது ஏதும் இல்லை. அதில் நீங்கள் ஏற்றியிருப்பது லைவ் வடிவம். மறந்துவிடுவதுதான் அதன் இயல்பு.

லைவ் வடிவத்தில் இயங்குதளம் முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறையில் அழுத்தி அடைக்கப்பட்ட ஒரு பெரிய கோப்புக்குள் இருக்கிறது. அதிலிருந்து படிக்க மட்டுமே முடியும். நீங்கள் செய்யும் மாற்றங்கள் அதற்கு மேலே விரிக்கப்படும் ஓவர்லே என்ற அடுக்கில் எழுதப்படுகின்றன. அச்சடித்த நிலவரைபடத்தின் மீது ஒரு கண்ணாடித்தாளை வைத்து, அந்தத் தாளில் மட்டும் பேனாவால் கோடு போடுவதைப் போன்றது இது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். அந்தக் கண்ணாடித்தாள் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருப்பதால், கணினியை அணைத்ததும் தாளோடு சேர்ந்து உங்கள் வினாத்தாளும் போய்விட்டது.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு நாப்பிக்ஸ் என்ற லைவ் இயங்குதளத்தை வெளியிட்டபோது, அது 700 எம்பி குறுந்தகட்டில் வந்தது. சுமார் 2 ஜிபி அளவுள்ள மென்பொருள்களை அழுத்தி அந்தத் தகட்டுக்குள் அடைத்திருந்தார். குறுந்தகட்டில் மீண்டும் எழுத முடியாது என்பதால் மாற்றங்களை ரேமில் வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பிறகு குறுந்தகடு போய்ப் பென்டிரைவ் வந்தது; எழுதக்கூடிய ஊடகம் கைக்கு வந்த பின்னும் உள்ளமைப்பு பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. கண்ணாடித்தாளை ரேமில் வைக்காமல் பென்டிரைவிலேயே பிரித்து ஒதுக்கிய ஒரு தனிப் பகுதியில், அதாவது பார்ட்டிஷனில், வைத்தால் மாற்றங்கள் நிலைக்கும். இதைப் பெர்சிஸ்டன்ஸ் என்கிறார்கள்.

ரூஃபஸில் ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதள வட்டின் முழு நகலாக இருக்கும் கோப்பு) தேர்ந்தெடுத்ததும், பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷனின் அளவைக் கேட்கும் ஒரு நகர்த்தி தென்படும். அதைச் சுழியத்திலேயே விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 8 ஜிபி அல்லது 10 ஜிபிக்கு நகர்த்தி மீண்டும் எழுதிப் பாருங்கள். எழுதும் முறையைக் கேட்கும்போது ஐஎஸ்ஓ முறையைத் தேர்ந்தெடுங்கள்; கோப்பை அப்படியே படியெடுக்கும் டிடி முறையில் எழுதினால் அந்தப் பார்ட்டிஷன் உருவாகாது. பழைய கருவிகள் சில, பார்ட்டிஷனுக்குப் பதிலாக, ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் அமைந்த பகுதியில் ஒரு கோப்பை உருவாக்கி அதற்குள் மாற்றங்களைச் சேமிக்கும். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் அந்த வழி வேண்டாம்.

கையால் செய்ய விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். உபுண்டுவில் பூட் வரியில் (பூட் ஆகும்போது இயங்குதளத்துக்குக் கொடுக்கும் கட்டளை வரியில்) சேர்க்க வேண்டிய சொல் பெர்சிஸ்டன்ட், டெபியனில் பெர்சிஸ்டன்ஸ். ஒற்றை எழுத்துப் பிசகால் ஒரு மாலைப்பொழுதை இழந்தவன் நான். பார்ட்டிஷனுக்கு இட வேண்டிய பெயரும் வேறு: உபுண்டுவில் முன்பு கேஸ்பர்-ஆர்டபிள்யூ என்றிருந்தது, 20.04 பதிப்பு முதல் ரைட்டபிள் என்று ஆனது. டெபியனில் பார்ட்டிஷனின் பெயரும் பெர்சிஸ்டன்ஸ்தான். அத்துடன் அந்தப் பார்ட்டிஷனுக்குள் பெர்சிஸ்டன்ஸ் டாட் கான்ஃப் என்ற கோப்பை உருவாக்கி, அதில் ஒரு சாய்கோடு, ஓர் இடைவெளி, யூனியன் என்ற சொல் ஆகியவை மட்டும் அடங்கிய ஒற்றை வரியை எழுத வேண்டும். அந்த வரி இல்லையென்றால் பார்ட்டிஷன் இருந்தும் இல்லாததைப் போலவே டெபியன் நடந்துகொள்ளும், பிழைச்செய்திகூட வராது.

பதிவு 3 — வரப்போரம்

மிக்க நன்றி, கருங்கல் ஐயா. நகர்த்தி சுழியத்தில்தான் இருந்தது. 10 ஜிபி ஒதுக்கி மீண்டும் எழுதினேன். வைஃபை, தமிழ்99, உலாவியின் அடையாளக்குறிகள் அனைத்தும் மறுநாளும் அப்படியே இருந்தன.

ஆனால் நான்காம் நாள் ஒரு தவறு செய்துவிட்டேன் என்று எண்ணுகிறேன். புதுப்பிப்புகள் காத்திருக்கின்றன என்று செய்தி வந்ததால் எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஓடியது. அதற்குப் பிறகு வட்டில் இடம் குறைவு என்ற எச்சரிக்கை வருகிறது. பூட் ஆவதற்கும் முன்பைவிட அதிக நேரம் ஆகிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் புதிதாக நிறுவப்பட்டதாகப் பட்டியல் காட்டினாலும், இயங்குவது பழைய கெர்னலாகவே இருக்கிறது.

பதிவு 4 — கருங்கல்

அது எதிர்பார்க்க வேண்டியதே. நான்தான் முன்கூட்டிச் சொல்லத் தவறிவிட்டேன். கீழடுக்கில் எதையும் அழிக்க முடியாது. நீங்கள் ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பழையது அடியில் அப்படியே கிடக்க, புதியது முழுவதும் கண்ணாடித்தாளில் எழுதப்படுகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு இடங்களில் வாடகை கொடுப்பதற்கு ஒப்பானது இது. கெர்னலோ, கண்ணாடித்தாள் விரிக்கப்படுவதற்கு முன்பே பென்டிரைவின் மூலப் பகுதியிலிருந்து ரேமில் ஏறிவிடுகிறது. எனவே மேலடுக்கில் எத்தனை புதிய கெர்னல்களை நிறுவினாலும் அவற்றுக்கு வேலை கிடைக்காது.

லைவ் வடிவத்தில் உலாவியையும் அன்றாடம் பயன்படுத்தும் ஓரிரு மென்பொருள்களையும் மட்டும் புதுப்பியுங்கள். மொத்தப் புதுப்பிப்பைத் தொடாதீர்கள். புதிய வெளியீடு வரும்போது, உங்கள் கோப்புகளை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பென்டிரைவைப் புதிதாக எழுதுவதே முறை.

பதிவு 5 — ஆய்வகச்சாவி

மூன்றாவது கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. கல்லூரிக் கணினி ஆய்வகம் ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

முதலில், பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதன்று. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே பூட் ஆக விடும் செக்யூர் பூட் என்ற காப்பு இயங்கிக்கொண்டிருக்கும் நிலையில், பூட் மெனுவைத் திறந்து பென்டிரைவை ஒருமுறை தேர்ந்தெடுப்பதால் கணினியில் பொதுவாக எந்த மாற்றமும் ஏற்படாது. உபுண்டு, ஃபெடோரா, 2019இல் வந்த டெபியன் 10 முதலான பதிப்புகள் ஆகியவற்றில் கையொப்பமிட்ட பூட்லோடர் (இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரல்) இருப்பதால் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பலவற்றில் முதல் படியே செக்யூர் பூட்டை அணைப்பதாக இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் அதைப் படித்துவிட்டு ஒருவர் அப்படியே செய்தார். வேலை முடிந்ததும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை முதல் வகுப்பில் அந்தக் கணினியைத் திறந்த மாணவிக்கு, விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கருக்குரிய மீட்புக் குறியீட்டின் 48 இலக்கங்களைக் கேட்கும் நீலத்திரை வந்தது. காரணம் எளியது. வட்டின் பூட்டுச் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு வைத்திருக்கிறது. பூட் ஆகும் சூழல் தான் அறிந்தபடி இருந்தால் மட்டுமே அது சாவியைக் கொடுக்கும். செக்யூர் பூட்டின் நிலை மாறியதும் சந்தேகப்பட்டுக் கையை மூடிக்கொள்கிறது. செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்கு அது தோன்றாதல்லவா? அந்த இலக்கங்கள் எழுதப்பட்ட பதிவேட்டைத் தேடி எடுக்க எனக்கு அரை நாள் ஆயிற்று.

இரண்டாவதாக, வென்டாய் பற்றி. ஒரே பென்டிரைவில் பல ஐஎஸ்ஓ கோப்புகளை வெறுமனே நகலெடுத்துப் போட்டாலே பூட் ஆகும் அந்த வசதியை நானும் மெச்சுகிறேன். என் பராமரிப்புப் பென்டிரைவில் இருப்பதும் அதுதான். ஆனால் செக்யூர் பூட் உள்ள கணினியில் அதை முதன்முறை பயன்படுத்தும்போது, அதன் சாவியை அந்தக் கணினியில் பதிவுசெய்யும்படி ஒரு நீலத்திரை கேட்கும். நீங்கள் பதிவுசெய்தால் அது கணினியின் உள்நினைவகத்தில் எழுதப்பட்டு, நீங்கள் போன பிறகும் அங்கேயே தங்கிவிடும். சொந்தக் கணினியில் செய்யுங்கள். பிறருடைய கணினியில் அப்படிப் பதிவது, விருந்தினராகப் போன வீட்டில் வாசற்பூட்டுக்கு மற்றொரு சாவி வெட்டி வைத்துவிட்டு வருவதற்குச் சமம்.

மூன்றாவது: உள்ளே இருக்கும் விண்டோஸ் வட்டை உங்கள் லினக்ஸிலிருந்து திறக்காதீர்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், அணைத்ததாக நாம் நினைக்கும் கணினி உண்மையில் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் அதன் கோப்புகளில் கைவைத்தால் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பே சிதையக்கூடும். லினக்ஸ் பெரும்பாலும் இதைக் கண்டறிந்து எழுத மறுத்துவிடும். அந்த மறுப்பை மீறுவது எப்படி என்று தேடத் தொடங்காதீர்கள்.

பதிவு 6 — தூக்கணாங்குருவி

இரண்டாவது கேள்விக்கு என் பட்டறிவைச் சொல்கிறேன். முழு நிறுவல் என்பது, இப்போது நான் மூன்றாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் வழி. நிறைவாகவே இருக்கிறது. ஆனால் அதைத் தொடங்கிய விதம் நிறைவானதன்று.

யூஎஸ்பி வழியாக இணைத்த எஸ்எஸ்டி ஒன்றை என் மனைவியின் மடிக்கணினியில் செருகி, வேறொரு பென்டிரைவிலிருந்து நிறுவியை இயக்கினேன். எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்டபோது எஸ்எஸ்டியைக் காட்டினேன். பூட்லோடர் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கும் எஸ்எஸ்டியையே காட்டினேன். நிறுவல் முடிந்தது, மறுபூட் செய்தேன், அழகாக வந்தது. எஸ்எஸ்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை வெளியூர் புறப்பட்டேன். வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்போது தொலைபேசி வந்தது. அலுவலக வேலைக்காக அவர் மடிக்கணினியைத் திறந்திருக்கிறார். கறுப்புத் திரையில், லினக்ஸ் பூட்லோடரின் பெயரான கிரப் என்ற சொல்லும் அதற்குப் பக்கத்தில் துடிக்கும் ஒரு கோடும் மட்டும் இருக்கின்றன.

நடந்தது இதுதான். நான் பயன்படுத்திய நிறுவி, என் தெரிவைப் பொருட்படுத்தாமல், மடிக்கணினிக்குள் இருந்த வட்டில், பூட்லோடர்கள் தங்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் தன் பூட்லோடரை எழுதிவிட்டு, பூட் வரிசையிலும் தன்னை முதலிடத்தில் வைத்துக்கொண்டது. அந்தப் பூட்லோடர் தேடிய அமைப்புக்கோப்போ என் பையில் பயணம் செய்துகொண்டிருந்தது. விண்டோஸுக்கு எந்தச் சேதமும் இல்லை. பயாஸ் திரைக்குள் சென்று விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே நகர்த்தினால் போதும் என்று தொலைபேசியிலேயே சொல்லித் திறக்க வைத்தேன். ஆனால் அந்த இருபது நிமிட உரையாடலை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். இன்றைய கணினிகள் பூட் ஆகும் யுஇஎஃப்ஐ முறையில் எந்த வட்டிலிருந்து எதை ஏற்ற வேண்டும் என்ற குறிப்பு அந்தந்தக் கணினியின் உள்நினைவகத்தில் இருக்கிறது. உங்கள் எஸ்எஸ்டியை வேறொரு கணினியில் செருகும்போது அங்கே அப்படியொரு குறிப்பு இருக்காது. அப்போது அந்தக் கணினி, செருகிய வட்டில் இஎஃப்ஐ என்ற அடைவுக்குள் பூட் என்ற அடைவைத் தேடி, அதில் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் கோப்பு இருந்தால் அதை மட்டும் ஏற்றும். என் எஸ்எஸ்டியில் அந்தக் கோப்பு இல்லாததால், அன்று வெளியூரில் ஒரு கணினியிலும் அது பூட் ஆகவில்லை. ஊர் ஊராகக் கொண்டுபோவதற்கென்றே செய்த வட்டு, செய்த வீட்டைத் தவிர வேறெங்கும் ஓடாது என்ற நிலை.

இப்போது நான் செய்வது: நிறுவுவதற்கு முன் உள்வட்டைப் பயாஸில் முடக்கிவிடுவேன், அந்த வசதி இல்லாத மடிக்கணினி என்றால் திருகுகளைக் கழற்றி வட்டையே எடுத்து வைத்துவிடுவேன். நிறுவிய பிறகு, கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ரிமூவபிள் என்ற தெரிவுடன் ஒருமுறை இயக்குவேன். அந்தத் தெரிவு, மேலே சொன்ன பொதுப்பெயரில் பூட்லோடரை எழுதிவிடும். அதன்பின் 64 பிட் யுஇஎஃப்ஐ கணினி எதுவாயினும் பெரும்பாலும் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறது.

பதிவு 7 — நெல்லியடி

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தூக்கணாங்குருவி அண்ணா எழுதியதில் ஒரு சொல்லை எல்லோரும் கவனிக்க வேண்டும்: அவர் நிறுவியது எஸ்எஸ்டியில், பென்டிரைவில் அன்று.

பென்டிரைவின் அட்டையில் போட்டிருக்கும் வேகம், ஒரு பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். இயங்குதளம் அப்படி வேலை செய்வதில்லை. உலாவியைத் திறந்தவுடன் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் வெவ்வேறு இடங்களில் எழுதப்படும். மலிவான பென்டிரைவில், நான்கு கிலோபைட்டை மாற்றுவதற்காக உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தி ஒரு பெரிய தொகுதி முழுவதையும் அழித்து மீண்டும் எழுத வேண்டிவரலாம். அதனால்தான் யூஎஸ்பி 3 துறையில் செருகினாலும் திரை சில விநாடிகள் உறைந்து நிற்கிறது. யூஎஸ்பி 3.0இன் 5 ஜிகாபிட் வேகம் நெடுஞ்சாலையின் அகலம்; பென்டிரைவுக்குள் இருப்பதோ ஒற்றையடிப்பாதை.

நான் பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியை ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அதே டெபியன், அதே கணினி. பென்டிரைவில் டெஸ்க்டாப் வருவதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம், எஸ்எஸ்டியில் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் வந்துவிடுகிறது. புதிதாக வாங்கத் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய எஸ்எஸ்டியே போதும்.

இன்னொன்று. சந்தையில் 512 ஜிபி, 1 டிபி என்று எழுதிய மிக மலிவான பென்டிரைவ்களில் பல போலியானவை. உள்ளே 16 ஜிபியோ 32 ஜிபியோதான் இருக்கும். கட்டுப்படுத்தி பொய் சொல்லும். எழுதும்போது பிழை காட்டாது. நிரம்பிய பிறகு எழுதியவை சத்தமில்லாமல் காணாமற்போகும் அல்லது முன்னே எழுதியவற்றின் மேலேயே விழும். நானும் ஒருமுறை ஏமாந்து, இரண்டு வாரத்தின் பின்னரே கண்டுபிடித்தேன். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருள்கள், வட்டு முழுவதையும் உண்மையாக எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். வாங்கிய அன்றே, எதையும் ஏற்றுவதற்கு முன், அதை ஓடவிடுங்கள். இரவு முழுவதும் ஓடினாலும் பொறுத்திருங்கள்.

பதிவு 8 — பழையசோறு

எஸ்எஸ்டி, உறை, திருகாணி என்று பேச்சு எங்கேயோ போகிறது. கையில் இருப்பது 4 ஜிபி பென்டிரைவும் 2 ஜிபி ரேம் உள்ள ஒரு பழங்கணினியும் மட்டும் என்றால் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி காலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் இதற்கென்றே இருக்கிறது. பூட் ஆகும்போது இயங்குதளம் முழுவதும் ரேமுக்குள் ஏறிவிடும். பின்னர் பென்டிரைவை வெளியே எடுத்துவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். வேலை முடிந்து அணைக்கும்போது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்கும். ஆம் என்றால் ஒரே மூச்சில் எழுதி முடிக்கும். பென்டிரைவில் எழுதும் வேலை ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் நடப்பதால் அதன் ஆயுளும் நீள்கிறது, நெல்லியடி சொன்ன உறைநிலையும் இல்லை. எனக்கு இதைவிடச் சிறந்த வழி இருப்பதாகத் தெரியவில்லை.

பதிவு 9 — கருங்கல்

பழையசோறு சொல்வதில் ரேமில் ஏற்றும் பகுதியை முழுமையாக ஏற்கிறேன். டெபியன், உபுண்டு லைவ் வடிவங்களிலும் பூட் வரியில் டூராம் என்ற சொல்லைச் சேர்த்தால் ஏறத்தாழ அதே பயன் கிடைக்கும். ஆனால் அவற்றின் ஐஎஸ்ஓ பெரியது என்பதால் 8 ஜிபி ரேம் இல்லாத கணினியில் அதை முயலாமல் இருப்பது நல்லது.

பப்பியில் எனக்குள்ள தயக்கம் வேறு. இயல்பாக அது முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராகவே இயங்குகிறது. வீட்டில் பழைய கணினிக்கு உயிர் கொடுக்கிறவருக்கு அது பொருட்டில்லை. வங்கிக் கணக்கையும் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலையும் திறக்கப்போகும் ஆசிரியருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பதிவு 10 — பழையசோறு

ரூட் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் அஞ்சுகிறார்கள். தனியொருவர் பயன்படுத்தும் கணினியில் திருடப்படத் தக்கவை அவருடைய கோப்புகளும் கடவுச்சொற்களும்தான். அவை சாதாரணப் பயனரின் அதிகாரத்திலேயே கிடைத்துவிடுகின்றன. அடிப்படை இயங்குதளமோ ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் கீழடுக்கிலிருந்து புதிதாக வருகிறது. ஆனாலும் உள்வட்டின் மீதும் ரூட்டுக்கு முழு அதிகாரம் உண்டு என்பதை மறுக்கவில்லை. கல்லூரிக் கணினி என்ற வகையில் கருங்கல்லின் தயக்கம் நியாயமானதே.

பதிவு 11 — கைவிளக்கு

திருட்டைப் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். பென்டிரைவுக்கு நேரும் மிகப் பெரிய ஆபத்து வைரஸும் இல்லை, மின்வெட்டும் இல்லை; அது தொலைந்துபோவதுதான். வாரத்துக்கு இரண்டு ஊர் பேருந்தில் போய்வருகிறவரின் சட்டைப்பையில் இருப்பது, அவருடைய மின்னஞ்சலும் சேமித்த கடவுச்சொற்களும் திறந்தபடியே கிடக்கும் ஒரு கணினி. ரூஃபஸ் உருவாக்கும் பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷன் பூட்டப்படாதது. யார் எடுத்துச் செருகினாலும் எல்லாவற்றையும் படிக்கலாம்.

முழு நிறுவலில் நிறுவும்போதே லக்ஸ் என்ற மறையாக்க முறையில் வட்டைப் பூட்டும் தெரிவு இருக்கிறது. டெபியன் லைவிலும் பெர்சிஸ்டன்ஸ் பார்ட்டிஷனை லக்ஸ் முறையில் அமைத்து, பூட் வரியில் அதற்குரிய சொல்லையும் சேர்த்தால், பூட் ஆகும்போது கடவுச்சொல்லைக் கேட்டுத் திறந்துகொள்ளும். இந்த வேலைகளையெல்லாம் தானே செய்து தருவது டெய்ல்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்ட அது, எதையும் நினைவில் வைக்காமல் இருப்பதையே நோக்கமாகக் கொண்டது. அணைக்கும்போது ரேமைக்கூடத் துடைத்துவிடும். விரும்பினால் மட்டும் பூட்டப்பட்ட ஒரு சேமிப்பகத்தை அதிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். 8 ஜிபி பென்டிரைவ் போதும். ஆனால் அதன் இணையப் போக்குவரத்து முழுவதும் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகச் செல்வதால், கல்லூரியின் இணையதளங்களும் வங்கித் தளங்களும் முரண்டு பிடிக்கும். வரப்போரம் அவர்களின் அன்றாட வேலைக்கு அது பொருந்தாது.

பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் மற்றொரு நகலை வீட்டில் வைத்திருங்கள்.

பதிவு 12 — தாழ்வாரம்

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருளுங்கள். எனக்கு வேண்டியது விண்டோஸ்தான். கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடாது. விண்டோஸை இப்படிக் கொண்டுபோக முடியுமா?

பதிவு 13 — ஆய்வகச்சாவி

விண்டோஸ் டூ கோ என்ற பெயரில் 2012இல் விண்டோஸ் 8 என்டர்பிரைஸ் பதிப்புடன் மைக்ரோசாஃப்ட்டே அதை வழங்கியது. சான்றளிக்கப்பட்ட குறிப்பிட்ட வட்டுகளையே பயன்படுத்தச் சொன்னார்கள். 2020இல் வந்த விண்டோஸ் 10இன் 2004 பதிப்போடு அந்த வசதியை நீக்கிவிட்டார்கள். ரூஃபஸில் அந்தப் பெயரிலான தெரிவு இன்னும் இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் எஸ்எஸ்டி இல்லாமல் முயல வேண்டாம். கணினி மாறும்போது விண்டோஸ் உரிமத்தைச் செயல்படுத்தச் சொல்லிக் கேட்பதும் உண்டு.

பதிவு 14 — வரப்போரம்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். இங்கே சொன்னவற்றையெல்லாம் படித்த பின், முழு நிறுவலை விட்டுவிட்டு, டெபியன் லைவும் பூட்டிய பெர்சிஸ்டன்ஸும் என்ற வழியையே தேர்ந்தெடுத்தேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் மின்சாரம் நின்றாலும், மாணவர் யாராவது தவறுதலாக வட்டைப் பிடுங்கினாலும், கீழடுக்கு கெடுவதற்கு வழியில்லை. மேலடுக்கு கெட்டுப்போனால் அதை மட்டும் அழித்துவிட்டு அரைமணி நேரத்தில் மீண்டும் எழுந்துவிடலாம். முழு நிறுவலில் அந்த உறுதி இல்லை. நெல்லியடி சொன்னபடி பழைய எஸ்எஸ்டி ஒன்றைத் தேடிப்பிடித்து உறையில் போட்டுக்கொண்டேன். வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

வட்டின் முதல் பகுதியாக ஒரு எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷனை வைத்து, வினாத்தாள்களையும் பாடக்குறிப்புகளையும் அதில் போடுகிறேன். லினக்ஸ் பூட் ஆகாத இடத்தில், விண்டோஸிலேயே செருகி அவற்றைத் திறக்கலாம். மதிப்பெண் பட்டியல் மட்டும் பூட்டிய பகுதியில். நான் முதலில் பென்டிரைவில் இதை முயன்றபோது, ஒரு கல்லூரியின் பழைய விண்டோஸ் 7 கணினியில் அந்தப் பகுதி தென்படவே இல்லை. கழற்றத்தக்க வட்டு என்று தன்னை அறிவிக்கும் பென்டிரைவ்களில் முதல் பார்ட்டிஷனை மட்டுமே பழைய விண்டோஸ் காட்டும் என்பதும், நான் அதை இரண்டாவதாக வைத்திருந்ததும் பிறகுதான் புரிந்தன.

இரண்டு பொறுப்பாளர்களிடமும் அனுமதி பெற்றுவிட்டேன். ஒருவர், தமக்கும் ஒன்று செய்து தரும்படி கேட்டிருக்கிறார்.

தீராத சிக்கல் ஒன்று மட்டும் இருக்கிறது. நான் வேலை செய்துவிட்டுப் போன கணினியில் அடுத்து விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் தவறாகக் காட்டுகிறதாம். ஆய்வக உதவியாளர் மூன்று முறை சொல்லிவிட்டார். என் வட்டுக்கும் அவர்களுடைய கடிகாரத்துக்கும் என்ன தொடர்பு?

பதிவு 15 — ஆய்வகச்சாவி

சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.

பதிவு 16 — வரப்போரம்

ஆம் ஐயா, சரியாக ஐந்தரை மணி நேரம். எப்படித் தெரிந்தது?

பதிவு 17 — ஆய்வகச்சாவி

மதர்போர்டில் பொத்தான் பேட்டரியோடு இருக்கும் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. உலகப் பொதுநேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. உங்கள் டெபியன் இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெற்று, அந்தக் கடிகாரத்தைத் தன் வழக்கப்படி பொதுநேரத்துக்குத் திருத்தி வைக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் கிளம்பினால் கடிகாரத்தில் மூன்றரை என்று இருக்கும். விண்டோஸ் அதை அப்படியே நம்பிப் பிற்பகல் மூன்றரை என்று காட்டும். இந்திய நேரத்துக்கும் பொதுநேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஐந்தரை.

டெபியனில் டைம்டேட்சிடிஎல் கட்டளையை செட்-லோக்கல்-ஆர்டிசி என்ற தெரிவோடும் 1 என்ற மதிப்போடும் ஒருமுறை இயக்குங்கள். இது முறையான அமைப்பு அன்று என்று ஒரு நீண்ட எச்சரிக்கை வரும். பிறர் கணினியில் வேலை செய்கிற உங்களுக்கு அதுவே முறையானது. மாற்றம் பெர்சிஸ்டன்ஸில் தங்கிவிடும் என்பதால் மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

பதிவு 18 — வரப்போரம்

செய்துவிட்டேன். இன்று மாலை வேலை முடிந்ததும் நானே விண்டோஸைத் திறந்து பார்த்தேன். கைக்கடிகாரத்தோடு நிமிடம் பிசகாமல் ஒத்திருந்தது. உதவியாளரிடமும் காட்டினேன். முந்தைய வாரங்களில் தவறான நேரத்தோடு சேமிக்கப்பட்ட மாணவர் கோப்புகளை யார் திருத்துவது என்று கேட்டார். நாளை அரைமணி முன்னதாக வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.